அப்பா வெட்டிவிட்ட தண்ணீர்

போன வாரம் நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் பழைய புகைப்படம் ஒன்றைப் போட்டிருந்தார். உத்திரமேரூர் கடைத்தெருவில் முப்பது நாற்பது பேர் தோளில் துண்டோடு கையை உயர்த்தி நிற்கிறார்கள். கறுப்பு வெள்ளைப் படம். ஆனாலும் அந்தத் துண்டுகள் பச்சை என்பது நமக்குத் தெரியும். நடுவில் கழுத்து நிறைய மாலையோடு என் அப்பா. "நம்ம அப்பாங்க போராடி வாங்கிக் குடுத்த கரண்ட்டுலதான் ஊரே சோறு துன்னுது" என்று படத்துக்குக் கீழே எழுதியிருந்தார். உடனே வரிசையாகக் கும்பிட்ட கைகள் விழுந்தன. எனக்குத் தனியாகவும் ஒரு செய்தி வந்தது: "உங்க அப்பா மாதிரி ஆளுங்க இனிமே பொறக்கப் போறதில்ல."

கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். நாம் எல்லாரும் அறுபதைத் தாண்டிவிட்டோம். சர்க்கரை மாத்திரையும் முழங்கால் தைலமுமாக உட்கார்ந்திருக்கிறோம். இந்த வயதிலும் ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொண்டு இருக்க வேண்டுமா? அதனால் அந்த ஒரு கோடைநெல் பருவத்தில், நவரைப் பட்டத்தில் நடந்ததை எழுதிவிடுகிறேன். பிடிக்காதவர்கள் குழுவிலிருந்து என்னைத் தூக்கிவிடுங்கள்.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். நம் அப்பாக்கள் கஷ்டப்படவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். மில்காரர் எங்கள் களத்துக்கு வந்து ஒரு நெல்லை எடுத்துக் கடித்து, "ஈரம்" என்று சொல்லி எங்கள் களத்திலேயே துப்புவார். அப்பா கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். உர மூட்டை விலையைக் கேட்டால் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொள்வாள். கிணற்றில் தண்ணீர் கீழே போகப் போக, மோட்டாரும் ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் கட்டணத்தையும் ஏற்றினார்கள். நெல் விலை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. அப்பா ராத்தூக்கம் இல்லாமல் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அப்போதுதான் சங்கம் வந்தது. மேற்கே கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து, ஏரிக்கரை ஆலமரத்தடியில் பேசினார். "உலகத்துக்கே சோறு போடுறவன் ஏனுங்க கையேந்தோணும்?" என்று கேட்டார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. மயிர்க்கூச்செறிந்தது உண்மை. அப்பா மறுநாளே காஞ்சிபுரம் போய் ஒரு கட்டு பச்சைத் துணி வாங்கி வந்தார். அம்மாதான் கிழித்துத் துண்டாக ஓரம் அடித்துக் கொடுத்தாள். மட்டமான சாயம். ஒரு வாரத்தில் அப்பாவின் பனியன்கள் எல்லாம் பச்சையாகிவிட்டன. வேர்த்தால் கழுத்திலிருந்து பச்சைத் தண்ணீர் இறங்கும். தலையணை உறையில் பச்சைத் திட்டு. துவைத்துத் துவைத்து அம்மாவின் நகக்கண்கூடப் பச்சையாகிவிட்டது. அப்பா கிளைத் தலைவர் ஆனார். செயலாளர் யார் தெரியுமா? உரக்கடைக்காரர். விவசாயியை மொட்டையடிக்கிற உர விலையைப் பற்றி மேடையில் அதிகம் கொதித்தவரும் அவர்தான். அதைப் பார்த்து ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

எங்களுக்கு இரண்டு இடத்தில் நிலம் இருந்தது, நினைவிருக்கும். மதகுக்குக் கீழே உள்ளது ஏரித் தண்ணீர் தானாகவே பாய்கிற நிலம். அதை அப்பாவே பயிர் வைத்தார். வண்டிப்பாதை ஓரத்து மேட்டு நிலம் ஒரு ஏக்கர், கிணற்றை நம்பியது. அதை அந்த வருடம் வாரத்துக்கு விட்டிருந்தார். பாடு எல்லாம் பயிர் வைப்பவருடையது, கிணறும் மோட்டாரும் எங்களுடையது, விளைந்தால் ஆளுக்குப் பாதி.

அதை எடுத்தவர் எங்கள் வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா. காலனியிலிருந்து வருவார். என் அம்மாவைவிடப் பெரியவர். அவரை எங்கள் வீட்டில் எல்லாரும், நான் உட்பட, பெயர் சொல்லி "வா, போ" என்றுதான் கூப்பிடுவோம். அவர் என்னைப் பாப்பா என்பார், அப்பாவை நைனா என்பார். அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. கூப்பிட்ட விதத்தை நினைத்தால் நாக்கு கூசுகிறது. அவருடைய புருஷன் செங்கல் சூளைக்குப் போனவர், அங்கேயே நெஞ்சு வலியில் போய்ச் சேர்ந்தார். இருந்தது ஒரே மகள்.

அந்த மகளை உங்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? நம் வகுப்பில் கடைசிப் பலகை. பார்க்காமல் தமிழ்நாட்டு வரைபடம் போடுவாள். கோடியக்கரை மூக்கைச் சரியாக வளைப்பாள். நாம் எல்லாரும் அவளிடம் நோட்டைக் கொடுத்துப் படம் போட்டு வாங்கியிருக்கிறோம். வாங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்தோம், சாப்பாட்டு மணி அடித்ததும் தள்ளி உட்கார்ந்தோம்.

கூலிக்குப் போய்க்கொண்டிருந்த அவள் அம்மா முதல் தடவையாகத் தன் பயிர் என்று ஒன்றை வைத்திருந்தார். விளைந்தால் மகள் பள்ளிக்கூடத்தில் இருப்பாள். விளையாவிட்டால் சூளைக்காரரிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் போய்விட வேண்டியதுதான். இதை அந்த அம்மா எங்கள் கொல்லை வேலிக்கு வெளியே நின்று என் அம்மாவிடம் சொன்னபோது நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மாசி மாதம். கட்டணம் கட்டாத பத்துப் பேருடைய இணைப்பைக் கரண்ட் ஆபீஸ்காரர்கள் துண்டித்தார்கள். அன்றைக்குச் சங்கம் கூடி ஒரு தீர்மானம் போட்டது. பத்துப் பேர் மோட்டார் ஓடாதபோது ஊரில் வேறு எவன் மோட்டாரும் ஓடக்கூடாது. யாராவது திருட்டுத்தனமாகப் பணம் கட்டி ஓட்டிவிட்டால்? அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். எல்லாரும் அவரவர் மோட்டார் கொட்டாயிலிருந்து மோட்டாருக்குக் கரண்ட் விடுகிற மூன்று பீஸ் (ஃபியூஸ்) கட்டைகளையும் பிடுங்கிவந்து சங்கத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். வெள்ளைப் பீங்கான் கட்டைகள் ஒவ்வொன்றாகக் கோணிப்பையில் விழுந்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. கைதட்டல் வேறு. மூட்டை தலைவர் வீட்டுக்கு, அதாவது எங்கள் வீட்டுக்கு வந்தது. நெல் கொட்டும் அறையில் வைத்தார்கள்.

அம்மா மட்டும் தலையில் அடித்துக்கொண்டாள். "அவன் புடுங்கறதுக்கு முன்னாடி நீங்களே புடுங்கிக்கினு வந்து வூட்ல வெச்சிக்கினு கீறீங்க. கரண்ட் ஆபீசுல இன்னிக்குப் பாயசம் வெச்சிருப்பான்."

"உனுக்கு இன்னா தெரியும்? இது ஒத்துமை" என்றார் அப்பா.

ஒற்றுமையில் ஒரு சௌகரியமும் இருந்தது. சங்கத்துப் பெரிய தலைகளுக்கெல்லாம் ஏரிப் பாசனம். கிணற்று நிலத்தில் வேர்க்கடலை போட்டவர்கள் பிடுங்கி முடித்திருந்தார்கள். மோட்டார் நின்றால் உயிர் போகிற பயிர் ஊரில் நாலைந்துதான். அதில் ஒன்று வண்டிப்பாதை ஓரத்து ஒரு ஏக்கர்.

தீர்மானம் போட்ட மறுநாள் காலை அந்த அம்மா வந்தார். எங்கள் வாசலில் அப்பா, உரக்கடைக்காரர், இன்னும் நாலு பேர் நாஷ்டா முடித்து உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மா தெருவிலேயே நின்று பேசினார்.

"நைனா, பயிரு பூட்ட கட்டிக்கினு கீது, கதிரு வர்ற நேரம். இப்போ தண்ணி இல்லன்னா அத்தினியும் பதராப் பூடும். ரெண்டே ரெண்டு தண்ணி. அப்பால நீங்க இன்னா வேணா பண்ணிக்கங்க."

"சங்கம்னா எல்லாருக்கும் ஒரே சட்டம்மா. நானு தலைவரு. என் மோட்டாரு ஓடுனா ஊரு சிரிக்கும்" என்றார் அப்பா.

"அப்போ என்னியும் சங்கத்துல சேத்துக்கங்க நைனா. நானும் துண்டு போட்டுக்கினு கூட்டத்துக்கு வர்றேன்."

எல்லாரும் சிரித்தார்கள். உரக்கடைக்காரருக்குப் புரையேறிவிட்டது. "உன் பேர்ல பட்டா கீதா? ரசீது எந்தப் பேருக்குப் போடறது? இது விவசாயிங்க சங்கம். கூலிக்காரங்களுக்கு வேற கட்சி கீது, அங்க போய்க் கேளு."

அந்த அம்மா சிரிக்கவில்லை. "பட்டா இல்லாத பயிருக்குத் தண்ணி வாண்டாமா நைனா?" என்று கேட்டார். அப்பா செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு தாயும் மகளும் குடத்தில் தண்ணீர் சுமந்தார்கள். ஒரு ஏக்கர் நெல்லுக்குக் குடத்தில் தண்ணீர்! கிணற்றுப் படியில் இறங்கி, மொண்டு, ஏறி, வயலில் ஊற்றினால் வெடிப்புக்குள் போய்விடும், மேலே ஈரம்கூடத் தெரியாது. அவள் பள்ளிக்கூடம் வரவில்லை. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ மதியச் சாப்பாட்டுக்கு நான் வீட்டுக்கு வந்தபோது, எங்கள் கொல்லை வேலிக்கு வெளியே நின்றிருந்தாள். குடம் வைத்து வைத்து இடுப்பில் ரவிக்கைக்குக் கீழே தோல் உரிந்திருந்தது.

"அந்த மூட்ட உங்க வூட்லதான கீது? மூணு கட்ட குடு. இன்னிக்கு மூணு மணி வரிக்கும் கரண்ட்டு வருதாம். ஓட்டிட்டுக் கொண்டாந்து குடுத்துடறேன்."

"எங்க அப்பாவுக்குத் தெரிஞ்சா?"

"எங்க அம்மா சூளைக்காரன வரச் சொல்லிக்கீது. பயிரு பூட்டா நாங்க போவ வேண்டிதான். அப்பால எனுக்கு ஏது இஸ்கூலு?"

அப்பா காஞ்சிபுரம் கூட்டத்துக்குப் போயிருந்தார். அம்மா உறங்கிக்கொண்டிருந்தாள். நான் மூட்டையைப் பிரித்தேன். எங்கள் கட்டைகளுக்கு அப்பா பச்சை மை தடவி வைத்திருந்தார், தேடுவது சுலபமாக இருந்தது. கருகிய செம்புக் கம்பியின் வாசனை கையில் ஒட்டிக்கொண்டது. பாவாடையில் சுற்றிக்கொண்டு வேலி வழியாக அவளோடு ஓடினேன். நான் செய்த ஒரே நல்ல காரியம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கட்டைகளைச் செருகியதும் அவள்தான் பட்டனை அமுக்கினாள். மோட்டார் முதலில் முனகியது, பிறகு பிடித்துக்கொண்டது. குழாயிலிருந்து செம்மண் கலங்கலாக வந்து, அப்புறம் தெளிந்த தண்ணீர் கொட்டியது. சத்தம் கேட்டு வயலிலிருந்து ஓடிவந்த அந்த அம்மா, "ஐயோ பாப்பா, இன்னா காரியம் பண்ணிட்ட" என்று நெஞ்சில் கை வைத்தார். வைத்த கையை உடனே எடுத்து மண்வெட்டியால் மடையைத் திறந்துவிட்டார். வெடிப்புகள் தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டிருக்கிறீர்களா? காய்ச்சல்காரன் சொம்பை வாயில் வைத்துக் குடிக்கிற மாதிரி இருக்கும். மண் வாசனை எழுந்தது. எங்கிருந்தோ கொக்குகள் வந்து இறங்கின. அந்த அம்மா வரப்பில் உட்கார்ந்து சும்மா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் மூன்று பேரும் ஒன்றை மறந்துவிட்டோம். ஊரில் நாலைந்து நாட்களாக ஒரு மோட்டாரும் ஓடவில்லை. அந்த அமைதியில் ஒரே ஒரு மோட்டாரின் சத்தம் பேருந்து நிறுத்தம் வரைக்கும் கேட்டிருக்கிறது. முக்கால் வயல் நனைந்திருக்கும். வண்டிப்பாதையில் பச்சைத் துண்டுகள் வருவது தெரிந்தது. முன்னால் உரக்கடைக்காரர், பின்னால் கூட்டம் முடிந்து பேருந்திலிருந்து இறங்கிய அப்பா, இன்னும் பத்துப் பதினைந்து பேர். நான் கொட்டாய்க்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். அவள் ஒளியவில்லை.

மோட்டாரை நிறுத்தினார்கள். உரக்கடைக்காரர் கட்டையைப் பிடுங்கி அப்பாவிடம் நீட்டினார். "பச்ச மை. உங்க கட்டதான் தலைவரே. உங்க வூட்டு மூட்டைல இருந்தது இங்க எப்பிடி வந்துது?"

அப்பா அந்த அம்மாவைப் பார்த்தார். "யாரு குடுத்தது?"

மகள் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா முந்திக்கொண்டார். "யாரும் குடுக்கல நைனா. நானேதான் எடுத்தேன். உள்ள பூந்து எடுத்துக்கினு வந்தேன்."

கவனியுங்கள். அந்த அம்மா எங்கள் வீட்டுக்குள் ஒரு நாளும் வந்ததில்லை. வரவிட்டதில்லை. கொல்லை வேலி தாண்டினால் அம்மா தண்ணீர் தெளிப்பாள். நெல் கொட்டும் அறை எந்தப் பக்கம் என்றே அவருக்குத் தெரியாது. அங்கே நின்ற அத்தனை பேருக்கும் அது தெரியும், அப்பாவுக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். தலைவர் வீட்டு ஆள் எடுத்துக் கொடுத்தால் அது துரோகம். காலனிக்காரி எடுத்தால் அது திருட்டு. திருட்டு எல்லாருக்கும் வசதியாக இருந்தது. ஒருவரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

"சங்கத்துக்கு விரோதமாப் பாய்ச்சன தண்ணி. அது வயல்ல நின்னா நாளைக்கு வேற ஒருத்தன் பாய்ச்சுவான்" என்றார் உரக்கடைக்காரர். எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள்.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்த அம்மாவின் கையிலிருந்த மண்வெட்டியையே வாங்கினார். வண்டிப்பாதைப் பக்கத்து வரப்பை வெட்டினார். நாலே வெட்டு. பழக்கப்பட்ட கை. தண்ணீர் புழுதியை உருட்டிக்கொண்டு பாதையில் ஓடியது. மாட்டுச் சாணமும் வைக்கோலும் மிதந்து போயின. தண்ணீருக்காகத் தெருவில் இறங்கியவர்கள் தண்ணீர் தெருவில் ஓடுவதைப் பார்த்துக் கைதட்டினார்கள். அப்பாவின் கழுத்தில் பச்சை வேர்வை வழிந்துகொண்டிருந்தது. என் வாழ்க்கையில் அதைவிட அசிங்கமான ஒன்றை நான் பார்த்ததில்லை. அந்த அம்மா அழவில்லை. ஓடிப்போய் வெட்டிய இடத்தில் உட்கார்ந்து இரண்டு கையாலும் சேற்றை அள்ளி அடைக்கப் பார்த்தார். இரண்டு ஆள் அவரைத் தூக்கி ஓரமாக வைத்தார்கள்.

பயிர் பத்து நாளில் வெளுத்தது. பிடித்து உருவினால் கையில் பதர்தான் வந்தது.

அதற்கப்புறம் நடந்ததைக் கேளுங்கள். "போராட்டத்துக்காக என் ஒரு ஏக்கர் பயிரை என் கையாலேயே காயவிட்டேன்" என்று அப்பா ஒவ்வொரு மேடையிலும் பேசினார். ஒவ்வொரு தடவையும் கைதட்டல், துண்டு, மாலை. கடைசியில் பேச்சுவார்த்தை நடந்து இணைப்புகள் திரும்பின. மூட்டையைத் திடலில் கொட்டினார்கள். எங்களுடையதைத் தவிர வேறு எதிலும் அடையாளம் இல்லாததால், எது யாருடையது என்று தெரியாமல் இரண்டு நாள் கொட்டாய் கொட்டாயாகச் செருகிப் பார்த்துக்கொண்டு, "என் கட்டய நீ எடுத்துக்கினு போய்ட்ட" என்று சண்டை போட்டார்கள். ஒற்றுமை அவ்வளவுதான். காய்ந்த பயிருக்கு நிவாரணம் வந்தபோது கிராம அதிகாரி பட்டாக்காரர் பெயரைத்தான் எழுதினார். அந்த அம்மாவுக்குப் பாதியாவது கொடுங்கள் என்று அம்மா கெஞ்சினாள். "குடுத்தா சங்கத்துக்கு இன்னா மரியாத?" என்று கேட்டார் அப்பா. பிறகு சங்கம் கட்சியானது, தேர்தலில் நின்றது, தோற்றது. எந்தக் கட்சியைத் திட்டி வளர்ந்தார்களோ அந்தக் கட்சியின் கூட்டணியிலேயே ஒரு நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்தார்கள்.

ஆனால் பிற்பாடு இலவசக் கரண்ட் வந்ததே என்பீர்கள். வந்தது. சண்டை நியாயமான சண்டைதான், அதை நான் மறுக்கவில்லை. வந்த கரண்ட் யார் பெயரில் வந்தது என்பதுதான் என் கேள்வி. இன்றைக்கு அந்த ஒரு ஏக்கர் என் பெயரில் இருக்கிறது. செங்கல்பட்டில் மூன்றாவது மாடியில் உட்கார்ந்திருக்கிற நான் விவசாயி. விவசாயிக்கான அரசாங்க உதவித்தொகை வருடத்துக்கு மூன்று தவணை என் கணக்கில் விழுகிறது. உழுகிறவர் வேறொருவர். அவர் விளைத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட என் சிட்டா வேண்டும். "அம்மா, சிட்டா அடங்கல் அனுப்புங்கம்மா, நெல்லு மழைல நனையுது" என்று கூப்பிடுவார். நான் கைப்பேசியில் அனுப்பிவைப்பேன். அனுப்பிவிட்டுக் கை கழுவுவேன். எதற்குக் கழுவுகிறேன் என்று எனக்கே தெரியாது.

அந்த மகள் ஊரை விட்டுப் போனதும் அவள் பெயரை வாத்தியார் மூன்று நாள் கூப்பிட்டார். நான்காம் நாள் சிவப்பு மையால் கோடு போட்டார். நாம் எல்லாரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தோம். ஒருவரும் எங்கே போனாள் என்று கேட்கவில்லை. எனக்குத் தெரியும், நானும் சொல்லவில்லை.

அவர்கள் போனது சித்திரையில், நல்ல வெயிலில். சூளைக்காரரின் லாரி காலனி முனையில் நின்றிருந்தது. ஐந்தாறு குடும்பங்கள் பாய், சட்டி, கோழி, குழந்தைகளோடு ஏறிக்கொண்டிருந்தன. நான் கடைக்குப் போகிறவள் மாதிரி அந்தப் பக்கம் போனேன். அவள் துணி மூட்டை மேல் உட்கார்ந்து எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டேன், திரும்பவில்லை. அந்த அம்மாதான் லாரியிலிருந்து இறங்கி என்னிடம் வந்தார். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பாப்பா, நீதான் குடுத்தன்னு யாராண்டையும் வாயத் தொறந்துடாத. உங்க நைனா அடிச்சிடப் போறாரு."

சரி என்று தலையாட்டினேன். அவர் போய் ஏறிக்கொண்டார், லாரி கிளம்பியது. அப்பா என்னை அதுவரை ஒரு அடிகூட அடித்ததில்லை. சொன்னாலும் அடிக்க மாட்டார் என்பது எனக்கு அப்போதே தெரியும்.